பின்வாசல் பிரசங்கங்கள்

லீட்ஸ்,
3 பிப்ரவரி 1981

அன்புள்ள பென்னோவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். மருமகள் லெனோருக்கு முழங்கால் வலி குறைந்ததா? குழந்தைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்களா?

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. குளியலறைக் குழாய் உறைந்துபோய்விட்டது. குழாய்க்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, வயதாகிவிட்டால் இப்படித்தான் என்றார். குழாயைப் பார்த்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது. ஒரு அளவு பெரிது. உள்ளே இன்னொரு ஜோடி போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன்.

ஒரு செய்தி. ஆட்ரி பெல்மன் என்று லண்டனிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத ரபிகள் இந்த நாட்டில் மறுபடியும் எப்படித் தலையெடுத்தார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். ஊர் ஊராகப் போய் விசாரிக்கிறாள். பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், மீதிப் பேருக்குக் காது கேட்கவில்லை என்று அவளே சொல்லிச் சிரித்தாள். ஒருவர் பொத்தான் தொழிற்சாலையிலேயே கடைசிவரை இருந்துவிட்டாராம். இன்னொருவர், தன்னைவிடப் பாதிகூடப் படிக்காதவர்கள் முன்னால் மறுபடி பரீட்சை எழுத மாட்டேன் என்று சொல்லிக் காப்பீட்டு ஏஜெண்டாகப் போய்விட்டாராம். உன் அப்பாவைத்தான் அவள் தன் புத்தகத்தின் நடுநாயகமாக வைத்திருக்கிறாள். வந்து இரண்டே வருடத்தில் இங்கிலீஷில் பிரசங்கம் செய்து ஊரையே கட்டிப்போட்டவர் வேறு யாரும் இல்லையாம்.

கசகசா கேக் இரண்டு துண்டு சாப்பிட்டாள். ஒலிப்பதிவுப் பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் அவ்வளவு சீக்கிரமா, அவ்வளவு எளிமையான இங்கிலீஷ் எப்படிங்க கத்துக்கிட்டார்?" என்று கேட்டாள்.

"அவர் எங்கம்மா கத்துக்கிட்டார்? நான்ல கத்துக்கிட்டேன்" என்றேன்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். மூன்றாவது துண்டை அவள் தொடவே இல்லை.

அப்பாவின் பிரசங்கத் தொகுப்பு எந்த மட்டில் இருக்கிறது? பஸ்கா பண்டிகைக்கு விமான டிக்கெட் அனுப்பியிருக்கிறாய், சந்தோஷம். வரும்போது என்ன கொண்டுவர என்று லெனோரைக் கேட்டு எழுது.

உன் அம்மா


க்ளீவ்லண்ட்,
16 பிப்ரவரி 1981

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லெனோர் நன்றாக இருக்கிறாள். நீ செய்யும் கசகசா கேக் இங்கே யாருக்கும் வருவதில்லை, அதையே கொண்டுவரச் சொல்கிறாள். சுங்கத்தில் கேட்டால் மருந்து என்று சொல்.

தொகுப்பு முடிந்துவிட்டது. 'பின்வாசல் பிரசங்கங்கள்' என்றே பெயர் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் அச்சுக்குப் போகும். எங்கள் ஜெபாலயத்தில் கட்டும் படிப்பு மண்டபத்துக்கு அப்பாவின் பெயரை வைக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? அக்டோபரில் திறப்பு. அன்றைக்குப் புத்தகமும் வெளிவரும்.

அம்மா, அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய்? சரியாக எழுது. அப்பாவுக்கு நீ உதவினாய் என்பது எனக்குத் தெரியாதா? சொல் திருத்தியிருப்பாய், உச்சரிப்பு சொல்லிக் கொடுத்திருப்பாய். அந்தக் காலத்து ரபிகளின் மனைவிகள் எல்லோரும் செய்ததுதான். அதை அந்த அளவிலேயே சொல். ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு விரல் கொடுத்தால் கையையே பிடித்துக்கொள்வார்கள். அவள் மறுபடி வந்தால், மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
பென்னோ


லீட்ஸ்,
27 பிப்ரவரி 1981

அன்புள்ள பென்னோவுக்கு,

சரியாக எழுது என்றாய். எழுதுகிறேன்.

1939 வசந்தத்தில் நான் இந்த நாட்டுக்கு வேலைக்காரி அனுமதியில் வந்தேன். வேறு எந்த அனுமதியும் கிடைக்கவில்லை. ஹாரோகேட்டில் ஒரு பெரிய வீடு. வேலைக்காரி குழந்தையை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், ஐந்து வயதான உன்னை லீட்ஸில் டோலி சக்மன் எடுத்து வளர்த்தாள். ப்ரெஸ்லாவில் நான் லத்தீனும் ஜெர்மன் இலக்கியமும் படித்துக்கொண்டிருந்தவள். இங்கே கணப்பு அடுப்புக்குக் கரி பூசப் படித்தேன். அந்த வீட்டுச் சமையல்காரி மிஸஸ் அக்ராய்ட் எனக்குக் குருவாக வாய்த்தாள். அவளுக்கு ஜெர்மன் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நடுவில் உருளைக்கிழங்கு. அந்தச் சமையலறையில்தான் நான் இங்கிலீஷ் பேச ஆரம்பித்தேன். கோபமும் சிரிப்பும் சாவும் பிரசவமும் எல்லாம் அந்த மேசையில்தான் பேசப்பட்டன.

அப்பா ஆகஸ்டில் வந்தார். மறுவருடம் அவரை எதிரி நாட்டவர் என்று பிடித்துத் தீவு முகாமில் போட்டார்கள். அங்கே முள்கம்பிக்குள் இருந்த எல்லோரும் ஜெர்மன்காரர்கள். தினமும் மூன்று பேராசிரியர்கள் சொற்பொழிவு. அவருக்கு இங்கிலீஷ் எங்கிருந்து வரும்?

வெளியே வந்ததும், இந்த ஊர் ஜெபாலயத்தின் ரபி படைக்குப் போனதால், தற்காலிகமாக அப்பாவை வைத்துக்கொண்டார்கள். கூடவே ஒரு வீடும் கொடுத்தார்கள். அவருடைய முதல் இங்கிலீஷ் பிரசங்கம் உனக்கு நினைவிருக்காது. ஜெர்மனில் எழுதி அகராதியை வைத்து மொழிபெயர்த்திருந்தார். ஒரு வாக்கியம் ஒரு பக்கம். வினைச்சொல் வருவதற்குள் முன்வரிசையில் ஒருவர் தூங்கிவிட்டார். பின்வரிசை இளைஞர்கள் எழுந்து வெளியே போனார்கள். வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஹெட்விக், என் தலைக்குள்ள இருக்கற ஆளை இவங்களுக்கு ஒருநாளும் தெரியப்போறதில்ல" என்றார். அப்படி ஒரு முகத்தை 1938 நவம்பரில் ஜெர்மனியில் கைதாகித் திரும்பி வந்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மதியம், நீ பள்ளியில் இருந்தபோது, நான் பேனாவை எடுத்தேன். அவர் சொல்ல வந்ததை மிஸஸ் அக்ராய்டிடம் சொல்வதானால் எப்படிச் சொல்வேனோ அப்படி எழுதினேன். அதை அவர் தன் கையெழுத்தில் நகல் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை யாரும் தூங்கவில்லை. அடுத்த வியாழனும் எழுதினேன். அப்படியே, தற்காலிக வேலை நிரந்தரமாகி, அவர் ஓய்வு பெறும்வரை போயிற்று.

இது உச்சரிப்பு சொல்லிக் கொடுத்த கதை இல்லை, பென்னோ.

எனக்கு மண்டபம் வேண்டாம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் போடு. சின்ன எழுத்தில் போட்டாலும் போதும்.

உன் அம்மா


க்ளீவ்லண்ட்,
12 மார்ச் 1981

அன்புள்ள அம்மா,

தட்டச்சில் எழுதுவதற்கு மன்னியுங்கள். உணர்ச்சிவசப்படாமல் எழுத வேண்டும் என்பதால் வழக்கமான ஜெர்மனை விட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறேன்.

அப்பா தன் ஊரை இழந்தார், நூலகத்தை இழந்தார், கூடப் பிறந்தவர்களை இழந்தார். தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் தீவில் உருளைக்கிழங்கு உரித்தார். அவ்வளவும் போனபின் அவர் தானாகக் கட்டியெழுப்பியது ஒன்றே ஒன்று: அந்த மேடையில் ஒலித்த குரல். அவர் இறந்து ஏழு வருடம் கழித்து, மறுத்துச் சொல்ல அவர் இல்லாத நேரத்தில், அதுவும் அவருடையதல்ல என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள்.

பிரசங்கங்கள் எல்லாம் அவருடைய கையெழுத்தில் இருக்கின்றன. உங்கள் கையெழுத்தில் ஒரு தாள்கூட இல்லை. உங்கள் சமையலறைக் கதைகளை அவர் கேட்டு எடுத்தாண்டிருக்கலாம். கணவர்கள் எடுத்தாள்வார்கள். நானும் லெனோர் சொன்ன கதைகளைப் பிரசங்கத்தில் சொல்கிறேன். அதனால் அவை லெனோருடைய பிரசங்கங்கள் ஆகிவிடாது.

வேறொன்றும் சொல்ல வேண்டும். டோலி அத்தை போன வாரம் தொலைபேசியில் பேசினார். அடுப்பை எரியவிட்டு நீங்கள் கடைக்குப் போய்விட்டீர்களாம். உங்கள் வயதில் நினைவுகள் ஒன்றோடொன்று கலந்துபோவது இயல்பு. வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு நல்ல மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

முதல் பக்கம் இருக்கிறபடி இருக்கட்டும்.

பென்னோ


லீட்ஸ்,
24 மார்ச் 1981

பென்னோவுக்கு,

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. இருந்தாலும் உன் கடிதம் முழுக்க 'நீங்கள்' என்றே என் காதில் விழுந்தது.

அடுப்பில் இருந்தது எலும்பு ரசம். அது சிறு தீயில் அரை நாள் கிடக்க வேண்டும். டோலி ஆயுளில் எலும்பு ரசம் வைத்தவள் இல்லை, டப்பாவைத் திறப்பவள். எரிகிற அடுப்பைப் பார்த்து என் மூளை அணைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். அவளுக்காவது ரசம் தெரியாது. உனக்கு?

கையெழுத்தைப் பற்றிச் சொன்னாய். என் எழுத்தைப் பார்த்து மேடையில் படிக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் நகல் எடுத்தார். எடுத்து முடித்ததும் என் தாள்களை நான்தான் கணப்பில் போடுவேன். போர்க்காலத்தில் நிலக்கரிப் பஞ்சம், காகிதம் நன்றாக எரியும்; பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அப்பா இல்லாத நேரத்தில் சொல்கிறேன் என்கிறாய். அவர் இருந்தபோது சொல்லியிருந்தால் வீடு போயிருக்கும். நீ அந்த வீட்டில்தான் வளர்ந்தாய்.

ஹெட்விக்


லீட்ஸ்,
8 ஏப்ரல் 1981

பென்னோ,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஏன் இல்லை என்று நேற்றுத் தெரிந்தது. நீ வேறொருவருக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஆட்ரி பெல்மன் நேற்று மறுபடி வந்தாள். வாசலிலேயே ஏதோ மாறியிருந்தது. முதல் தடவை வந்தபோது படபடவென்று பேசியவள், நேற்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவும் பேசினாள். நான் தேநீர் ஊற்றியபோது கெட்டிலைத் தானே வாங்கிக்கொண்டாள். ஒலிப்பதிவுப் பெட்டியை வெளியே எடுக்கவே இல்லை. பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்குங்களா?" என்றாள்.

"செவ்வாய்க்கிழமை. கேக்கச் சொன்னது யாரு?"

முகம் சிவந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத பெண். "உங்க மகன் எழுதியிருந்தாருங்க. உங்களுக்கு மறதி, நடந்ததும் நடக்காததும் கலந்துபோகுது, அதையெல்லாம் அச்சுல போட்டு உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு. அப்படிப் போட்டா உங்க வீட்டுக்காரரோட பிரசங்கத்துலேர்ந்து ஒரு வரிகூட எடுத்துக்க அனுமதி கிடையாதுன்னும் எழுதியிருந்தார்" என்றாள்.

நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். அறையில் காற்று போதவில்லை.

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். நான்தான் அவளைத் தேற்றினேன். இந்த வேடிக்கையைக் கேள்: பைத்தியக்காரி ஆராய்ச்சிக்காரியைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனியில் எங்களைப் பற்றி என்னென்னவோ சொன்னார்கள், அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். அவர்கள் யாரும் நான் பெற்ற பிள்ளைகள் இல்லை.

டிக்கெட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பஸ்காவுக்கு வரவில்லை. கேக் டோலிக்குப் போகிறது.

ஹெட்விக் கெம்ப்னர்


க்ளீவ்லண்ட்,
11 மே 1981

அன்புள்ள அம்மாவுக்கு,

கையால், ஜெர்மனிலேயே எழுதுகிறேன். நீ படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு முறை போன் செய்தேன். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய்.

நான் செய்தது அசிங்கம். லெனோர் அதைவிட மோசமான சொல்லைச் சொன்னாள். பஸ்கா இரவு உன் நாற்காலி காலியாக இருந்தது. பாட்டி ஏன் வரவில்லை என்று சின்னவள் கேட்டதற்கு, "உங்க அப்பாவக் கேளு, அவருக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும்" என்று லெனோர் சொன்னாள். விருந்தாளிகள் முன்னால் சொன்னாள்.

ஆட்ரிக்கு எழுதி என் தடையை எடுத்துவிட்டேன். எதை வேண்டுமானாலும் மேற்கோள் காட்டட்டும். அவள் எழுதிய பகுதியை எனக்கு அனுப்பியிருந்தாள். நேற்று முழுக்க அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். உன்னுடைய வாக்குமூலத்தை அவள் கடைசியில்தான் சொல்கிறாள். அதற்கு முன்னால் பிரசங்கங்களை மட்டும் எடுத்துவைத்துக் கேள்வி கேட்கிறாள். மாடியில் எந்த அறையில் அழைப்பு மணி அடித்தால் கீழே எந்த மணி ஆடும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? கணப்புக்குக் கரி பூசினால் விரல் இடுக்கில் எத்தனை நாள் போகாது என்று? வேலைக்காரர்களின் படிக்கட்டில் விளக்கு கிடையாது என்று? டாக்டர் கெம்ப்னர் அப்படிப்பட்ட வீட்டில் ஒருநாள்கூட வேலை செய்ததில்லையே என்கிறாள்.

நான் முப்பது வருடமாகப் படித்துவரும் பிரசங்கங்கள், அம்மா. மனப்பாடம். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

நான் ரபி ஆனது அந்தக் குரலைக் கேட்டுத்தான். எனக்குக் குழப்பமாக வரும்போதெல்லாம் அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று நினைப்பேன். இப்போது நினைத்தால் யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. தலைக்குள் அமைதியாகிவிட்டது. அது எப்படி இருக்கிறது என்று உன்னிடம் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல். அதில் அப்பாவுடையது என்று ஏதாவது இருக்கிறதா?

பென்னோ


லீட்ஸ்,
2 ஜூன் 1981

பென்னோவுக்கு,

உன் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு வாரம் சுற்றிச் சுற்றி நடந்தேன். உன்மேல் உள்ள கோபம் தீரவில்லை. ஆனால் நீ கேட்டிருக்கும் கேள்விக்குக் கோபத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அது அவருக்குச் செய்யும் துரோகம்.

இருக்கிறது. நிறைய இருக்கிறது.

1939 அக்டோபரில் ஒருநாள். எனக்கு அன்று அரை நாள் விடுமுறை. அப்பா என்னை அழைத்துப்போக ஹாரோகேட்டுக்கு வந்தார். ப்ரெஸ்லாவில் பட்டமளிப்புக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டு, தொப்பி. நேராக முன்வாசலுக்குப் போய் மணியை அடித்துவிட்டார். எஜமானியம்மாளே கதவைத் திறந்தாள். யாரென்று கேட்டாள். "நான் ஹெட்விக்கின் கணவன்" என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். அவள் கெட்டவள் இல்லை. "பின்பக்கமா போங்க" என்று கையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் போகவில்லை. அந்தப் படியிலேயே நின்றார். மழை தூற ஆரம்பித்தது. மிஸஸ் அக்ராய்ட் ஜன்னலில் பார்த்துவிட்டு, "உன் ஆளு முன்னாடி சிலை மாதிரி நிக்கறாருடி, போ போ, காக்கா உக்காந்துடப் போவுது" என்று என்னைத் தள்ளிவிட்டாள். நான் பின்வாசல் வழியாக ஓடி, தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்தேன். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். ஏறி உட்கார்ந்ததும் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த வாரம் ஜெபாலயத்துல என்ன பகுதி வாசிக்கறாங்க தெரியுமா? ஆபிரகாம் கூடார வாசல்ல உக்காந்திருக்கார். மூணு பேர் வர்றாங்க. நீ யாரு, எந்த ஊரு, எந்தப் பக்கமா வரணும்னு அவர் கேக்கல. வரவேற்க எழுந்து ஓடறார், ஹெட்விக். கிழவர். ஓடறார்."

மூன்று வருடம் கழித்து அதைத்தான் நான் பின்வாசல் பிரசங்கமாக எழுதினேன். மணியும் கரியும் இருட்டுப் படிக்கட்டும் என்னுடையவை. ஆனால் அந்தக் கிழவரை ஓடவைத்தது அவர். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் அது வெறும் வேலைக்காரியின் புலம்பல். எல்லாப் பிரசங்கமும் அப்படித்தான். அவர் ஒரு வசனத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். இது யாருக்கு, எதற்கு என்று நான் கேட்பேன். சண்டை போடுவோம். வியாழக்கிழமை சண்டை போட்டு அவர் சாப்பிடாமல் எழுந்துபோனதுகூட உண்டு. தோரா வேதமும் எபிரேயமும் முழுக்க அவருடையவை. அதில் ஒரு எழுத்துக்கும் நான் உரிமை கேட்கவில்லை. என் பெயரை அவர் பெயருக்குக் கீழே போடு என்றுதான் கேட்டேன். அவர் பெயரை எடு என்றா கேட்டேன்?

மறைத்தது யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பின்வாசல் பிரசங்கத்துக்குப் பிறகு, அடுத்த ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தபோது, அவர் என்னைக் கேட்டார்: "இது உன்னோட எழுத்துன்னு சொல்லிடட்டுமா? எனக்குத் தொண்டையில நிக்குது." நான்தான் வேண்டாம் என்றேன். பெண் எழுதிக் கொடுப்பதைப் படிக்கும் ரபியை எந்த நிர்வாகக் குழு வைத்துக்கொள்ளும்? இப்போது என்னை வெளியேற்ற யாருமில்லை. அதனால் சொல்கிறேன்.

சிரிப்பு வரும் செய்தி ஒன்றும் உண்டு. ஆட்ரி போன வாரம் டோலியைப் போய்ப் பார்த்தாள். திருமதி கெம்ப்னர் பிரசங்கம் எழுதியது உங்களுக்குத் தெரியுமா என்று மெல்லக் கேட்டிருக்கிறாள். டோலி சொன்னாளாம்: "அதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? அவரு கீழ பேசுவாரு, இவ எங்ககூட மேல பொம்பளைங்க மாடத்துல உக்காந்துக்கிட்டு உதட்ட அசைச்சுக்கிட்டே இருப்பா. அவரு ஒரு வரிய விட்டுட்டா இவ முட்டியில குத்திப்பா. மாடத்துல இருந்த அத்தன பொம்பளைக்கும் தெரியும். கீழ உக்காந்த ஆம்பளைங்களுக்குத்தான் தெரியாது."

முப்பது வருடம். ஒருத்திகூட என்னிடம் கேட்டதில்லை. நான் காப்பாற்றிவந்ததாக நினைத்த ரகசியத்தை அவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்காகக் காப்பாற்றியிருக்கிறார்கள். டோலியிடம் ஓடிப்போய் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப. அப்புறம் யாரு கேக்கறது அவரோட ஜெர்மன் இங்கிலீஷ?" என்றாள். அடுப்பு விஷயத்துக்காக மன்னிப்பும் கேட்டாள். எலும்பு ரசம் கொடுத்தேன்.

புத்தகத்தைப் பற்றி இனி நான் கெஞ்ச மாட்டேன். முதல் பக்கம் உன் கையில் இருக்கிறது. அதில் இரண்டு பெயர் இருந்தால் அக்டோபரில் வருகிறேன். ஒரு பெயர் இருந்தால் வரமாட்டேன்.

அம்மா


க்ளீவ்லண்ட்,
26 அக்டோபர் 1981

அன்புள்ள அம்மாவுக்கு,

இத்துடன் புத்தகம் வருகிறது. பார்சலைப் பிரிக்கும் முன் இந்தக் கடிதத்தைப் படி.

உன் ஜூன் கடிதம் வந்தபோது அச்சு முடிந்திருக்கவில்லை. மாற்ற நேரம் இருந்தது. அச்சகம் தாமதப்படுத்தியது, எங்கள் ஜெபாலயக் குழு ஒப்புக்கொள்ளவில்லை என்றெல்லாம் எழுதலாம். அதில் பாதி உண்மையும்கூட. குழுத் தலைவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ரபி, மண்டபத்து வாசல்ல கல்லுலயே பேர வெட்டியாச்சு. இப்ப போயி ரெண்டாள் எழுதினாங்கன்னா, மக்கள் எந்த ஆளுக்காக வர்றது?" என்றார். நான் வாதாடவில்லை. அச்சகத்துக்கு எண்ணைச் சுழற்றிவிட்டு, மறுமுனையில் எடுத்ததும் வைத்துவிட்டேன். ஒருமுறை அல்ல.

நன்றியுரையில் உன்னைக் குறிப்பிட்டிருக்கிறேன். என்ன வார்த்தை போடுவது என்று குழுவில் பேசி, 'பிரசங்கங்களைப் பொறுமையுடன் தட்டச்சு செய்து உதவிய என் தாயாருக்கு' என்று முடிவானது.

திறப்பு விழா நன்றாக நடந்தது. நானூறு பேர். பின்வாசல் பிரசங்கத்தை நான் படித்தேன். கிழவர் ஓடுகிற இடம் வந்தபோது குரல் எழும்பவில்லை. அப்பாவை நினைத்து மகன் கலங்குகிறான் என்று எல்லோரும் கைக்குட்டையை எடுத்தார்கள். அவர்கள் அப்படி நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். லெனோர் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னாள்.

ஆட்ரியின் புத்தகம் அடுத்த வருடம் வருகிறது. அதில் எல்லாம் இருக்கும். அப்போது இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும், நான் சொல்ல வேண்டியிருக்காது. அப்படி நினைத்துத்தான் இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

எழுது, அம்மா. திட்டியாவது எழுது.

பென்னோ


லீட்ஸ்,
15 நவம்பர் 1981

அன்புள்ள பென்னோவுக்கு,

புத்தகம் வந்தது. அட்டை அழகாக இருக்கிறது. அப்பாவின் படம் நல்ல தேர்வு. அந்தக் கழுத்துப் பட்டையை நான்தான் கட்டிவிட்டேன், இருந்தாலும் கோணல்.

எனக்குத் தட்டச்சு தெரியாது. ஒருநாளும் தெரிந்ததில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். சில பிழைகள் இருக்கின்றன. இரண்டாம் பதிப்பு போட்டால் பயன்படும் என்று எழுதுகிறேன். 'அமைதி' என்ற பிரசங்கத்தில், தண்ணீர் கொதிக்கும் முன்னால் இரைச்சல் கூடும் என்று அச்சாகியிருக்கிறது. இரைச்சல் அடங்கும். கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கெட்டில் அமைதியாகிவிடும். அந்தப் பிரசங்கமே அதை நம்பித்தான் நிற்கிறது. நீ ஒருமுறை தேநீருக்குத் தண்ணீர் வைத்துப் பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் திருத்தியிருப்பாய்.

எஸ்தர் ராணியைப் பற்றிய பிரசங்கத்தில், 'அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்' என்பதை, 'அவள் மௌனம் காத்தாள்' என்று உயர்த்தியிருக்கிறாய். வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு, மௌனம் காப்பது வேறு. பழையபடி மாற்று.

பின்வாசல் பிரசங்கத்தில் ஓரிடத்தில் 'பணியாளர் நுழைவாயில்' என்று போட்டிருக்கிறாய். அது வீட்டுக்காரர்கள் சொல்வது. அந்த வழியாக உள்ளே போகிறவர்கள் பின்வாசல் என்றுதான் சொல்வார்கள்.

கடைசிப் பிரசங்கத்தில் ஏசாயாவின் வசனம் அதிகாரம் மாறியிருக்கிறது. ஐம்பத்தெட்டு என்று இருக்க வேண்டும். அது அப்பா கொண்டுவந்த வசனம். அவர் மேற்கோளில் தவறு விடுகிறவர் இல்லை. அதை மறக்காமல் திருத்து.

லெனோருக்குக் காய்ச்சல் விட்டதா? அவளிடம் சொல், எனக்கு அவளுடைய கடிதம் கிடைத்தது. வசந்தத்தில் அவளும் சின்னவளும் இங்கே வரலாம். மாடி அறையைச் சுத்தம் செய்துவைக்கிறேன்.

முதல் பக்கத்தில் இருப்பதை மேலே சொன்ன பிழைகளோடு நான் சேர்க்கவில்லை. அது அச்சுப்பிழை இல்லை.

ஹெட்விக் கெம்ப்னர்